ஐந்து வீத லக்டிக் அமிலமும் கிளிநொச்சி வெயிலும்

கொழும்பில் இருந்து கூரியரில் வந்த 30 மில்லிலீற்றர் போத்தல், உள்ளே முகத்தில் பூசும் ஐந்து வீத லக்டிக் அமிலச் சீரம். அனுப்பும் செலவோடு 5,200 ரூபாய். ஐப்பசி மழை தொடங்கிய கிழமை கைக்குக் கிடைத்தது. இப்போது பங்குனி முடியப் போகிறது, போத்தலின் அடியில் ஒரு விரற்கடை மீதி நிற்கிறது. முகத்துக்கும் கழுத்துக்கும் புறங்கைக்கும் ஐந்து மாதம் பூசிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இரண்டு கிழமையில் எழுதும் அபிப்பிராயங்களை நான் நம்புவதில்லை. தோல் தன் மேல்தட்டைப் புதுப்பிக்கவே ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும்.

நான் விவசாயப் போதனாசிரியர். பன்னிரண்டு வருடமாக வயலும் வரம்புமாகத் திரிகிறேன். காலை எட்டரைக்கு ஸ்கூட்டியை எடுத்தால் கமக்காரர் கூட்டம், வாய்க்கால் தண்ணீர்ப் பிரச்சினை, பயிரில் கபிலநிறத் தத்திப் பூச்சி இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது என்று போய், ஒரு மணிக்குத்தான் நிழலைக் காண்பேன். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது இரண்டு கன்னத்திலும் மங்கு, அதாவது கபிலநிறத் திட்டு, விழுந்தது. பிள்ளைக்கு இப்போது ஆறு வயது. மங்கு போகவில்லை. தாடையோரம் பரு வந்து போன கறுப்புப் புள்ளிகள் வேறு. கன்னத்தைத் தடவினால் உமி ஒட்டியதுபோல ஒரு சொரசொரப்பு. இந்தத் தோலில்தான் இந்தப் போத்தலைத் தொடங்கினேன். உங்கள் தோல் வேறு மாதிரி இருந்தால் பலனும் வேறு மாதிரி இருக்கும்.

இதற்கு முன் எல்லாரும் செய்வதை நானும் செய்யப் பார்த்தேன். கடைக்கண்ணாடிக்குள் அடுக்கியிருக்கும் "ஒரு கிழமையில் வெள்ளை" கிறீம் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. பூச்சிமருந்துப் போத்தலில் லேபல் கிழிந்திருந்தாலே வாங்க வேண்டாம் என்று கமக்காரருக்குச் சொல்கிறவள் நான். வைத்துவிட்டு வந்தேன். இப்படியான கிறீம்களில் பாதரசம் கலந்திருப்பது உலகம் முழுக்கப் பிடிபட்டிருக்கிறது. பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களை மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கை தடுக்கிறது. பாதரசம் தோலுக்குள்ளால் போய்ச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். இன்னும் சிலவற்றில் ஸ்டெரொயிட் இருக்கும். முதல் மாதம் முகம் பளபளக்கும், பிறகு தோல் மெலிந்து, சிவந்த நரம்பு தெரிந்து, நிறுத்தினால் முகம் முழுக்கக் கொப்பளிக்கும். எங்கள் அலுவலகத்துக்கு வந்து போகும் ஒரு பிள்ளைக்கு இது நடந்தது. அந்த முகத்தை நான் நேரில் பார்த்தேன், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

பிறகு யாழ்ப்பாணம் போய் ஒரு தோல் வைத்திய நிபுணரைக் கண்டேன். வெயிலை மறை, அது முதல் மருந்து என்றார். சொரசொரப்புக்கும் புள்ளிக்கும் மெல்லிய அமிலம் ஒன்று இரவில் பூசலாம், அவசரப்படாதே என்றார். அப்படித்தான் இந்தப் போத்தல் வீட்டுக்கு வந்தது.

அம்மா பேப்பரைப் பிரித்துப் பார்த்த உடனே கேட்டா: "அசிட்டையோ பிள்ளை முகத்தில பூசப் போறாய்?"

அந்தப் பயம் நியாயமானது. எங்கள் ஊரில் அசிட் என்றால் பற்றரிக்கு ஊற்றுவது, மலசலகூடம் கழுவுவது. ஆனால் எங்கள் தோலே அமிலம்தான். அமிலத்தை அளப்பது பிஎச் என்ற எண்: ஏழு நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு பிஎச் 4.7 முதல் 5.5 வரை நிற்கும். வியர்வையும் எண்ணெயும் தோலின் சொந்த அமிலங்களும் சேர்ந்து போட்ட மெல்லிய போர்வை அது. 1928 இல் ஷாடே, மார்க்கியோனினி என்ற இரண்டு ஜேர்மன் வைத்தியர்கள் அதற்கு அமிலப் போர்வை என்றே பெயர் வைத்தார்கள். அந்தப் போர்வை கிருமிகளை அடக்கி வைக்கும், தோலின் ஈரத்தை வெளியே விடாது. அதைக் கெடுப்பது பெரும்பாலும் அமிலம் இல்லை, காரம். அம்மாவுக்கு இதைப் பேச்சில் விளங்கப்படுத்த முடியவில்லை, ஆகவே செய்து காட்டினேன்.

மண்ணுக்கென்று நான் வைத்திருக்கும் பிஎச் தாள் ஒரு சுருள் இருந்தது. குசினி மேசையில் ஆறு தேக்கரண்டியை வரிசையாக வைத்தேன். முதலாவதில் எங்கள் குழாய்க்கிணற்றுத் தண்ணீர்: தாள் பச்சையாகி ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் நின்றது. இரண்டாவதில் நாங்கள் எல்லாரும் முகம் கழுவும் சவர்க்காரத்தின் நுரை: தாள் கருநீலமாகிப் பத்தைத் தொட்டது. அப்பா கதிரையில் இருந்தபடி, "பரந்தன் பக்டரியில கோஸ்டிக் சோடா செய்த காலத்தில, கை பட்டாலே வழுவழு எண்டு இருக்கும்" என்றார். அவர் சொன்னது சரி. எண்ணெயையும் கோஸ்டிக் சோடாவையும் சேர்த்துத்தான் சவர்க்காரம் செய்வது, அந்தக் காரத்தின் மிச்சக் குணம்தான் தாளில் தெரிந்தது. மூன்றாவது முல்லைத்தீவுப் பக்கத்தில் இருந்து வந்த எருமைத் தயிர்: நாலரை. நாலாவது பழப்புளிக் கரைசல்: மூன்றுக்குக் கிட்ட. ஐந்தாவது தேசிக்காய்ச் சாறு: தாள் பட்ட உடனே செக்கச் சிவந்து இரண்டு காட்டியது. கடைசியில் 5,200 ரூபாய்ப் போத்தலில் ஒரு துளி: செம்மஞ்சள், நாலுக்குக் கொஞ்சம் கீழே. அம்மா ஆறு தாளையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தேசிக்காய்த் தாளையும் சீரத்தின் தாளையும் மட்டும் கையில் வைத்திருந்தா. பிஎச்சில் ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு. தேசிக்காய்க்கும் இந்தப் போத்தலுக்கும் இடையில் நூறு மடங்குக்குக் கிட்ட வரும். முகத்துக்கு நல்லதென்று நாங்கள் சின்னனில் இருந்து தேய்த்தது தேசிக்காய்.

பலர் போத்தலில் வீதத்தை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். ஐந்து வீதம், பத்து வீதம் என்பது பாதிக் கதை. லக்டிக் அமிலம் பிஎச் 3.86 இல் சரிபாதி அமிலமாகவும் சரிபாதி லக்டேற்று என்ற உப்பாகவும் நிற்கும். தோலுக்குள் இலகுவில் இறங்கி வேலை செய்வது அந்த அமிலப் பாதி. பிஎச் நாலரைக்கு ஏறினால் அமிலமாக இருப்பது ஐந்தில் ஒரு பங்குகூட வராது. தயிரைப் பூசினால் முகம் குளிரும், மெதுவாகும், ஆனால் உரிக்கும் வேலை பெரிதாக நடக்காது. காரணம் இதுதான்: தயிரில் லக்டிக் அமிலம் ஒரு வீதமளவில்தான் இருக்கிறது, அதிலும் பெரும்பங்கு உப்பாகிக் கிடக்கிறது. மண்ணுக்கு உரம் போட்டும் பிஎச் சரியில்லாவிட்டால் பயிர் எடுக்காது என்று நான் வயலில் சொல்வதும் இதுவும் ஒரே கணக்கு. அமெரிக்காவில் அழகுப் பொருட்களின் மூலப்பொருட்களைப் பரிசீலிக்கும் நிபுணர் குழு 1998 இல் ஒரு எல்லை போட்டது. வீட்டில் பூசும் கிளைகோலிக், லக்டிக் அமிலங்கள் பத்து வீதத்துக்கு மேல் போகக்கூடாது, பிஎச் 3.5 க்குக் கீழே இறங்கக்கூடாது, வெயில் பாதுகாப்பும் கூடவே வேண்டும். நான் வாங்கிய போத்தல் இரண்டு எல்லைக்கும் உள்ளே நிற்கிறது. ஆனால் பிஎச்சைப் பெட்டியில் அச்சடிக்கவில்லை, தாள் இருந்தபடியால்தான் எனக்குத் தெரியும். அது இந்தப் பொருளின் பெரிய குறை.

தோலின் மேல்தட்டில் இருப்பது செத்த கலங்கள், ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றின்மேல் ஒன்று படிந்து, இடையில் பசை போட்டு ஒட்டியிருக்கும். நேரம் வரும்போது பசை இளகி, மேல் ஓடு கண்ணுக்குத் தெரியாமல் உதிரும். வெயில், தூசு, வயது, பரு எல்லாம் சேர்ந்தால் அந்த உதிர்வு ஒழுங்காக நடக்காது. அதுதான் நான் கையில் தடவிய உமி. லக்டிக், கிளைகோலிக் போன்ற அமிலங்கள் அந்தப் பசையை இளக்கும். உரசி உரிப்பதில்லை. 1974 இல் வான் ஸ்கொட், யூ என்ற இருவர் மீன் செதிள்போலத் தோல் தடிக்கும் நோயாளிகளுக்கு இவற்றைப் பூசிச் செதிள் கழன்று போவதைக் காட்டினார்கள். இன்றைக்குக் கடையில் இருக்கும் அமிலப் போத்தல்களின் வழி அங்கேதான் தொடங்குகிறது. லக்டிக் அமிலம் தானே பழைய ஆள். 1780 இல் ஷீலே புளித்த பாலில் இருந்து பிரித்தெடுத்தது.

கிளைகோலிக்கை விட்டு லக்டிக்கை எடுத்தது யோசித்துச் செய்தது. கிளைகோலிக் இந்தக் குடும்பத்தில் ஆகச் சின்ன மூலக்கூறு, வேகமாக உள்ளே போகும், கூடுதலாக எரிக்கும். எங்கள் நிறத்துத் தோலுக்கு எரிச்சல் என்பது எரிச்சலோடு முடிகிற விஷயம் இல்லை. சிவந்த இடம் ஆறும்போது கறுத்து நிற்கும், அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் போகாது. கறுப்பைப் போக்கப் பூசியது கறுப்பைக் கொண்டுவந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? லக்டிக் கொஞ்சம் பெரியது, மெதுவாக இறங்கும். அதைவிட, அதன் உப்பு எங்கள் தோலில் ஏற்கெனவே இருக்கிறது. தோல் தன் ஈரத்தைப் பிடித்து வைக்கும் இயற்கைச் சரக்கில் எட்டில் ஒரு பங்களவு லக்டேற்றுதான். ஆகவே உரிப்பதோடு ஈரமும் தரும். மன்டெலிக் என்ற அமிலம் இன்னும் பெரியது, இன்னும் மெல்லியது. பயந்த தோல் உள்ளவர்கள் அதில் தொடங்கலாம்.

சரி, பூசிய விதம். முதலில் முழங்கை மடிப்பில் மூன்று இரவு பூசிப் பார்த்தேன், ஒன்றும் செய்யவில்லை. பிறகு கிழமையில் ஒரு இரவு, ஒரு மாதம் கழித்து மூன்று இரவு. அதற்கு மேல் கூட்டவில்லை. முகம் கழுவி, நன்றாகக் காய விட்டு, முகத்துக்கு ஐந்து துளி, கழுத்துக்கும் கைக்கும் இன்னும் ஐந்து. ஈரமுகத்தில் பூசிய ஒரு நாள் கன்னம் முழுக்கத் தீயாக எரிந்தது, அதோடு அந்தப் பாடம் படித்தேன். காய்ந்த முகத்தில் பூசினால் மூக்கோரத்தில் எறும்பு ஊர்வதுபோல ஒரு நிமிடம் சுணைக்கும், பிறகு அடங்கிவிடும். பத்து நிமிடம் கழித்துச் சாதாரண ஈரக்கிறீம் ஒரு படை. மணம் பெரிதாக இல்லை, பழைய மோர்ச்சட்டியைத் திறந்த மாதிரி ஒரு சின்னப் புளிப்பு. ஒட்டல் கொஞ்சம் உண்டு. மழைக்காலப் புழுக்கத்தில், மின்சாரம் நின்ற இரவுகளில், தலையணையில் கன்னம் ஒட்டியது எனக்குப் பிடிக்கவில்லை.

புருவம் திரெடிங் செய்த அன்றிரவு பூசாதீர்கள். பொங்கலுக்கு முதல்நாள் நான் பூசினேன். புருவத்துக்குக் கீழே இரண்டு கோடு சிவந்து, பொங்கலன்று படங்களில் அப்படியே இருக்கிறது.

சவர்க்காரத்தையும் மாற்றினேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கேத்திலில் காய்ச்சினால் இரண்டு கிழமையில் அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு படியும். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைப்பதற்குப் பதிலாகத் திரைந்து தோலில் படையாக ஒட்டும். காரமும் படையும் சேர்ந்து முகம் இழுக்கும். காரமில்லாத, பிஎச் ஐந்தரை என்று எழுதிய முகம் கழுவும் திரவம் ஒன்று எடுத்தேன். உண்மையில் முதல் மாதத்து மாற்றத்தில் எவ்வளவு சீரத்தால் வந்தது, எவ்வளவு சவர்க்காரத்தை விட்டதால் வந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இதையும் கணக்கில் வைத்து வாசியுங்கள்.

பலன் மூன்று வேகத்தில் வந்தது. சொரசொரப்பு முதல் மாதத்திலேயே போய்விட்டது. கன்னத்தைத் தடவும்போது கை வழுக்கிக்கொண்டு போகிறது, எனக்கே புதிதாக இருந்தது. பருவின் கறுப்புப் புள்ளிகள் தைமாதம் அளவில் பாதியாக மங்கின. மங்கு மட்டும் அசையவில்லை. ஓரம் கொஞ்சம் கலங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மங்கின் வேர் ஆழத்தில், நிறம் சுரக்கும் கலங்களில் இருக்கிறது. மேல் ஓட்டை உதிர்ப்பதால் வேர் போகாது. மங்குக்காக மட்டும் இந்தப் போத்தலை வாங்க நினைத்தால் வாங்க வேண்டாம். அதற்கு வைத்தியர் தரும் அசெலயிக் அமிலம் பொருத்தமானது. பார்லி, கோதுமையில் இயற்கையாக இருப்பது, நிறம் உண்டாக்கும் நொதியை மெதுவாக அடக்கும், பருவுக்கும் நல்லது. கர்ப்பிணிகளுக்கும் பொதுவாகப் பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது. நான் இப்போது அதற்குத்தான் மாறுகிறேன்.

இந்தப் போத்தலின் உண்மையான விலை 5,200 இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேல் ஓடு மெலிந்தால் கீழே வெயில் கூடுதலாக இறங்கும். கிளைகோலிக், லக்டிக் போன்ற அமிலம் உள்ள பொருட்களில் வெயில் எச்சரிக்கை போடும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005 இல் அறிவுறுத்தியது: பூசும் காலமும், நிறுத்திய பின் ஒரு கிழமையும் வெயிலை மறைக்க வேண்டும். எங்கள் பக்கம் மத்தியான வெயிலின் ஊதாக்கடந்த கதிர்ச் சுட்டி (UV index) பதினொன்றைத் தாண்டுவது சாதாரணம். உலக சுகாதார அமைப்பின் அளவுகோலில் பதினொன்று என்றாலே உச்சப்பிரிவு. ஆகவே சன்ஸ்கிறீன் இல்லாமல் இது இல்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிழிந்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பூசினால், 3,400 ரூபாய்க் குழாய் ஒன்று எனக்கு மூன்று கிழமைக்கு மேல் வரவில்லை. ஐந்து மாதத்துக்கு ஏழு குழாய். கணக்கைப் போட்டுப் பாருங்கள், சீரத்தைப்போல நாலரை மடங்கு. மங்கு உள்ளவர்கள் நிறம் கலந்த சன்ஸ்கிறீன் எடுப்பது நல்லது. அதில் உள்ள இரும்பு ஒக்சைட்டு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும், எங்கள் நிறத்தில் மங்கைக் கூட்டுவதில் அந்த ஒளிக்கும் பங்கு உண்டு. சாம்பல் பூசிய மாதிரி வெள்ளையாகவும் தெரியாது.

மாசியில் காலபோக அறுவடை. வெட்டு மெசினுக்குப் பின்னால் நாள் முழுக்க நின்றேன். அந்தப் பத்து நாளும் தொப்பி இருந்தது, காலையில் சன்ஸ்கிறீன் பூசினேன். வைக்கோல் தூசும் வியர்வையும் வழிந்த முகத்தில் மறுபடி பூச மனம் வரவில்லை. இரவில் சீரத்தை மட்டும் விடாமல் பூசினேன். பதினோராம் நாள் கண்ணாடியில் பார்த்தால் நெற்றியும் மூக்கும் கறுத்து, தைமாதம் வரை சேர்த்ததில் பாதி போயிருந்தது. அந்தப் பத்து நாளும் சீரத்தை நிறுத்தியிருக்க வேண்டும். மருந்தடித்த வயலுக்குள் இத்தனை நாள் இறங்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறேன், என் முகத்துக்கு அந்த நாட்களை எண்ணவில்லை. இன்றைக்கும் அது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

தேசிக்காய் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அது எங்கள் வீட்டிலேயே நடந்தது. தங்கச்சியின் மகளுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அணிநடைப் பயிற்சி நடந்த நேரம், முகம் வெளிக்கும் என்று யாரோ சொல்ல, தேசிக்காய்ப் பாதியில் சீனி தொட்டு முகத்திலும் கழுத்திலும் தேய்த்துவிட்டு மைதானத்தில் நின்றிருக்கிறாள். அன்றைக்கு ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் சாறு வழிந்த வழியெல்லாம் கோடுகோடாகச் சிவந்து கொப்பளித்தது. கழுத்தில் ஒரு சொட்டு ஓடிய தடம்கூட அப்படியே தெரிந்தது. "பெரியம்மா, சுடுதண்ணி ஊத்தின மாதிரி எரியுது" என்று அழுதாள். தேசிக்காய்த் தோலிலும் சாற்றிலும் வெயில் பட்டால் நஞ்சாக மாறும் ஒரு சரக்கு இருக்கிறது, புளிப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சாறும் வெயிலும் ஒன்றாகச் சேர்ந்தால் தோல் வேகும். கொப்புளம் பத்து நாளில் காய்ந்தது. கறுப்புக் கோடு போக மூன்று மாதம் எடுத்தது. அந்த மூன்று மாதமும் பிள்ளை தாவணியைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு ரியூசனுக்குப் போனாள். உங்கள் வீட்டில் வளரும் பிள்ளை இருந்தால் இதை மட்டுமாவது சொல்லிக் கொடுங்கள்.

அவளுடைய பிரச்சினை பரு. அதற்கு லக்டிக் இல்லை, சலிசிலிக் அமிலம். அது எண்ணெயில் கரையும், அதனால் எண்ணெய் அடைத்த துவாரத்துக்குள் போய் அடைப்பை இளக்கும். இரண்டு வீதம் உள்ள முகம் கழுவும் திரவம் வாங்கிக் கொடுத்தேன், இரவில் மட்டும், ஒரு நிமிடம் வைத்துக் கழுவுவது. ஆறு கிழமையில் நெற்றியின் சின்னப் பருக்கள் அடங்கின. தாடையில் இருந்த பெரிய கட்டிப்பருக்கள் அப்படியே இருந்தன, அவற்றுக்கு வைத்தியரிடம் கூட்டிப் போனோம். அளவு எப்படி எல்லாவற்றையும் மாற்றுகிறது என்று பார்க்க இந்தச் சலிசிலிக் போதும். இரண்டு வீதத்தில் பருவுக்கு. மூன்று வீதத்தில், பென்சோயிக் அமிலம் ஆறு வீதத்தோடு சேர்ந்து விற்பீல்ட் களிம்பாகி, படர்தாமரைக்கு. நாற்பது வீதத்தில் பிளாஸ்ரராகிக் கால் ஆணியையே கழற்றும். அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் வைத்தியரைக் கேட்டுத்தான் இதைத் தொட வேண்டும்.

இந்தப் போத்தலை அலுவலகத்தில் பார்த்த ஒரு அக்கா, எல்லாரும் தேத்தண்ணிக்கு எழும்பிப் போனபிறகு, சட்டைக் கையை மெல்ல உயர்த்திக் காட்டினா. முழங்கைக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கிய தழும்பு, நடுவில் தடித்து உயர்ந்திருந்தது. "இது 2009 சண்டையில, புதுக்குடியிருப்பில பட்டது. இதுக்கு இந்த மருந்து சரிவருமோ?" என்று கேட்டா. எனக்கு உடனே பதில் வரவில்லை. எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி ஒருவருடையது மட்டும் இல்லை. சரிவராது அக்கா என்றுதான் சொன்னேன். இந்த அமிலம் மேல் ஓட்டோடு நிற்கும், எறிகணை பட்ட தழும்பு கீழ்த்தோலில் இருக்கிறது. தடித்த தழும்பில் அமிலம் பூசி எரிச்சலாக்கினால் அது இன்னும் தடிக்கலாம். தோல் கிளினிக்கில் ஊசி போடுவார்கள், சிலிக்கோன் தாள் ஒட்டுவார்கள், தழும்பு தணியும், அரிப்புக் குறையும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அடுத்த கிளினிக் நாளுக்கு அவவும் நானும் லீவு போட்டு ஒன்றாகப் போனோம். முதல் ஊசி போட்டாயிற்று.

கம்பனியின் பெயரை எழுதவில்லை. இதே ஐந்து வீத லக்டிக்கைப் பலரும் செய்கிறார்கள். போத்தலின் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள்: வீதம் எழுதியிருக்கிறதா, பிஎச் எழுதியிருக்கிறதா, திகதி இருக்கிறதா, வாசனைத்திரவம் சேர்க்காமல் இருக்கிறதா. எனக்கு வந்ததில் துளி விடும் குழாயின் றப்பர் மூன்றாம் மாதமே தளர்ந்து, ஒரு துளி கேட்டால் மூன்று விழுந்தது. கண்ணாடி மண்ணிறம், அது நல்லது. கூரியர்காரர் போத்தலை வெயிலில் மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றினாரோ என்று பயந்தேன், ஆனால் லக்டிக் அமிலம் அவ்வளவு இலகுவில் கெடுகிற ஆள் இல்லை. குசினியில் மண்பானைக்குப் பக்கத்தில், இருட்டில் வைத்திருக்கிறேன்.

பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் காணும் என்றால் சன்ஸ்கிறீனை வாங்குங்கள், சீரம் வேண்டாம். அதுவும் முடியாவிட்டால் அகன்ற தொப்பியும் நீளக்கைச் சட்டையும் போதும், எங்கள் நாற்று நடும் பெண்கள் தலையிலும் முகத்திலும் சுற்றும் துணி எந்தப் போத்தலுக்கும் குறைந்ததில்லை. நிழலில் வேலை, இரவில் அரை மணித்தியாலம் கிடைக்கும், சொரசொரப்பும் பருப்புள்ளியும்தான் கவலை என்றால் தாராளமாக வாங்கலாம். இரவில் ரெட்டினோயிட் என்ற விற்றமின் ஏ வகை மருந்து பூசுகிறவர்கள் இரண்டையும் ஒரே இரவில் போட வேண்டாம். தோல் வெடித்து, அரித்து, எக்ஸிமா உள்ளவர்கள் தொடவே வேண்டாம்.

நான் அடுத்த போத்தல் எடுப்பேன், ஆனால் இப்போது இல்லை. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் கிளிநொச்சிக்கு நேர் உச்சியில் வரும். ஓகஸ்ட் கடைசியில் இன்னொருக்கால் வரும், அது சிறுபோக அறுவடைக் காலம். இடையில் முழுக்க வெயிலும் கச்சான் காற்றும். மீதி இருக்கும் ஒரு விரற்கடையை முகத்துக்கு வைக்காமல் அம்மாவின் குதிக்காலுக்குக் கொடுத்திருக்கிறேன். வெடித்த இடத்தில் படாமல், சுற்றிவர உள்ள தடித்த தோலில் மட்டும், இரவில், மேலே வசலின் போட்டுக் காலுறை மாட்டி. நாலு இரவு ஆயிற்று. பிஎச் தாளைக் கேட்டு வாங்கித் தன் கால் கழுவும் தண்ணீரையும் சோதித்துப் பார்த்துவிட்டு, எட்டு என்று கலண்டரில் எழுதி வைத்திருக்கிறா.